தட்டுக்கு முன்னால் கணக்கு வேண்டாம்! - பார்படாஸ் போகும் குடும்பத்துக்கு சாப்பாடு, பஸ் பட்ஜெட்

2024 ஜூன் 29. பார்படாஸ் தீவின் கென்சிங்டன் ஓவல் மைதானம். தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி டி20 உலகக் கோப்பையை வென்ற பிறகு, கேப்டன் ரோஹித் ஷர்மா ஆடுகளத்துக்குப் போய் ஒரு துளி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தீவில் பைசா செலவில்லாமல் வாயில் போட்டுக்கொள்ளக் கிடைப்பது அநேகமாக அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு, ‘ஒரு தடவை அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும்’ என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஆசை வந்த கையோடு பயமும் வருகிறது. கரீபியன் என்றாலே கோடீஸ்வரர்களின் ஊர், ஒரு ஜூஸுக்கே சொத்தை எழுதிக் கேட்பார்கள் என்ற பயம். பாதி உண்மை. மீதிப் பாதி, எந்தக் கவுன்ட்டரில் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். லண்டனில் வேலை பார்க்கும் மகள், மாப்பிள்ளை. அவர்களைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 66 வயது. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்ட தலைமுறை. அன்று எதிரணியில் இருந்த கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், மார்ஷல், கார்னர் நான்கு பேருமே இந்தக் குட்டித் தீவில் பிறந்தவர்கள் என்று இன்றும் ஒப்பிப்பார். அம்மா சுத்த சைவம். லண்டனிலிருந்து நேரடி விமானம் உண்டு, சுமார் ஒன்பது மணி நேரம். இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா போக பார்படாஸில் முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. டிக்கெட் போட்டாயிற்று, சமையலறையோடு ஒரு சின்ன அபார்ட்மென்ட்டும் புக் பண்ணியாயிற்று.

இனிதான் உண்மையான சிக்கல். அது பணம் மட்டும் இல்லை. வெளிநாட்டுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. மெனு கார்டைப் பிரித்ததும் அப்பா மனசுக்குள் ரூபாயால் பெருக்க ஆரம்பிப்பார். முகம் மாறும். “எனக்குப் பசியே இல்லைம்மா, நீங்க சாப்பிடுங்க” என்பார். அம்மா, “எனக்கு ஒரு பன்னு போதும்டி” என்பார். மகள் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம் இப்படியே போனால் அது சுற்றுலாவா?

இதற்கு ஒரே மருந்து, கணக்கை வீட்டிலேயே போட்டு முடித்துவிடுவது. தட்டுக்கு முன்னால் யாரும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லக் கூடாது.

முதல் கேள்வி: ‘எந்த டாலர்?’

பார்படாஸுக்குச் சொந்தமாக டாலர் உண்டு. இரண்டு பார்படாஸ் டாலர், ஒரு அமெரிக்க டாலர். 1975-லிருந்து இந்த விகிதம் மாறவே இல்லை. அமெரிக்க டாலரைக் கடைகளில் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்; மீதிச் சில்லறை உள்ளூர் டாலரில் வரும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் போடுவது அதே டாலர் குறிதான். பலகையில் ‘30’ என்று எழுதியிருந்தால் அது உள்ளூர் முப்பதா, அமெரிக்க முப்பதா? ஒன்றுக்கு ஒன்று சரியாக இரண்டு மடங்கு. டாக்ஸி, படகுச் சவாரி, கடற்கரை நாற்காலி என எதைப் பேசினாலும் முதலில் ‘எந்த டாலர்?’ என்று கேட்டுவிட்டு, அப்புறம் தலையாட்ட வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அங்கே எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

கணக்கு சுலபமாக இருக்க, ஒரு அமெரிக்க டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பார்படாஸ் டாலர் 45 ரூபாய். இனி இந்தக் கட்டுரையில் ‘டாலர்’ என்றால் பார்படாஸ் டாலர்.

ஏன் இவ்வளவு விலை?

தீவின் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. ஏறக்குறைய சென்னை அளவு நிலம், அதில் சுமார் 2.8 லட்சம் பேர்.

அந்த நிலத்தில் 1640-களிலிருந்து கரும்பு, கரும்பு, கரும்புதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களை வதைத்து, தீவு முழுவதையும் ஆங்கிலேயர்கள் சர்க்கரைத் தோட்டமாக்கினார்கள். சாப்பிடுகிற பொருளை வெளியிலிருந்து கொண்டுவரும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. இன்றும் உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, சீஸ் எல்லாவற்றின் விலையிலும் கப்பல் கூலி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் வாட் வரி. பொதுவான விகிதம் 17.5 சதவிகிதம். பெரிய ரெஸ்டாரன்ட்டுகள் பில்லில் 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜும் சேர்ப்பது வழக்கம். சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை, பில்லின் அடியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இந்த விலைவாசி சுற்றுலா வந்தவருக்கு மட்டும் இல்லை. அங்கே வேலைக்குப் போகிற டீச்சருக்கும் பஸ் டிரைவருக்கும் இதே விலைதான். அப்படியானால் அவர்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்கள், எதில் வீட்டுக்குப் போகிறார்கள்? பட்ஜெட் போடுகிறவர் தேட வேண்டிய பதில் இதுதான்.

மூன்றரை டாலருக்குத் தீவு முழுக்க

பஸ் கட்டணம் 3.50 டாலர். நம் பணத்தில் கிட்டத்தட்ட 158 ரூபாய். “ஒரு பஸ் டிக்கெட்டுக்கா?” என்று அப்பா எழுந்து நிற்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாலும் 3.50, தீவின் அந்தக் கோடிக்குப் போனாலும் 3.50. 2019-ல் தான் இரண்டு டாலரிலிருந்து இந்த விலைக்கு ஏற்றினார்கள்.

மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றன. மூன்றிலும் ஒரே கட்டணம்.

முதலாவது, அரசின் டிரான்ஸ்போர்ட் போர்டு பஸ். நீல நிறம், பெரியது, 2020 முதல் மின்சார பஸ்களும் வந்துவிட்டன. உட்கார்ந்து போகலாம். ஆனால் டிரைவர் சில்லறை தர மாட்டார், சரியான தொகையைத்தான் பெட்டியில் போட வேண்டும். இறங்கியதும் முதல் வேலையாக ஒரு டாலர் காசுகளும் 25 சென்ட் காசுகளும் சேர்த்து வையுங்கள். ஒரு டாலர் காசுக்கு ஏழு பக்கம், பின்புறம் ஒரு பறக்கும் மீன். அந்த மீன் பிறகு தட்டிலும் வரும்.

இரண்டாவது, மஞ்சள் நிற மினி பஸ். தனியாருடையது, கண்டக்டர் உண்டு, சில்லறை கிடைக்கும்.

மூன்றாவதுதான் ‘இசட்.ஆர்.’ வெள்ளை வேன், மெரூன் கோடு, நம்பர் பிளேட் ‘இசட்.ஆர்.’ என்று தொடங்குவதால் அந்தப் பெயர். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்கள், ‘இன்னும் ஒருத்தர் உட்காரலாம்’ என்று நாலு பேரை ஏற்றுவார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாலியாக இருக்கும். முட்டி வலி உள்ள அம்மாவை மட்டும் நெரிசல் நேரத்தில் இதில் ஏற்ற வேண்டாம், நீல பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

ஸ்டாப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். வட்டப் பலகையில் ‘டு சிட்டி’ அல்லது ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்று எழுதியிருக்கும். சிட்டி என்றால் தலைநகர் பிரிட்ஜ்டவுன். தலைநகரை நோக்கிப் போக வேண்டுமா, விலகிப் போக வேண்டுமா, அவ்வளவுதான் கேள்வி. வண்டி வரும்போது கையை நீட்டி நிறுத்த வேண்டும். ஏறும்போது ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு ஏறுவது அங்கே மரியாதை. சொல்லிப் பாருங்கள், வண்டியில் இருக்கிற பலரும் திருப்பிச் சொல்வார்கள்.

பிரிட்ஜ்டவுனில் பஸ் நிலையம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. தெற்கு, கிழக்குப் பக்கம் போகும் அரசு பஸ்களுக்கு ஃபேர்சைல்டு தெரு நிலையம். மேற்குக் கடற்கரை வழியாக வடக்கே போக பிரின்சஸ் ஆலிஸ் நிலையம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், வெயிலுக்குக் குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. மேற்குக் கடற்கரைக்கு ‘பிளாட்டினம் கோஸ்ட்’ என்று செல்லப் பெயர், பெயரிலேயே விலை தெரியும். ஹேஸ்டிங்ஸ், வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப் இருக்கிற தென் கரையில் சமையலறையோடு அறைகள் அதிகம். 11-ம் எண் இசட்.ஆர். அந்த வழியாகத்தான் பிரிட்ஜ்டவுனுக்குப் போகிறது. அறை வாடகையில் கொஞ்சம் கூடினாலும் பஸ் ரோட்டின் மேலேயே இருக்கும் இடம் லாபம். மேட்டில், உள்ளே தள்ளி, ‘கடல் தெரியும்’ என்று சொல்லி மலிவாகக் கிடைக்கிற வீடு தினமும் டாக்ஸிக்காரருக்குப் பணம் கட்டச் சொல்லும்.

எங்கே சிக்கனம் வேண்டாம்?

சிக்கனத்துக்கும் நேரம் காலம் உண்டு. ஒன்பது மணி நேரம் பறந்து, நான்கு பெட்டிகளோடு இறங்கும் வயதானவர்களை பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். விமான நிலையத்துக்கு வெளியிலேயே பஸ் ஸ்டாப் உண்டு என்பது உண்மைதான். முதுகில் ஒரு பை மட்டும் வைத்திருக்கும் கல்லூரிப் பையனுக்கு அது வரம். இந்தக் குடும்பத்துக்கு டாக்ஸி.

டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. எந்த இடத்துக்கு எவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம்தான். வண்டி எண் ‘இசட்’ என்று தொடங்குகிறதா என்று பார்த்து, தொகையைப் பேசி, எந்த டாலர் என்று கேட்டு, பிறகு ஏறுங்கள். பட்ஜெட்டில் தென் கரைக்கு ஒரு தடவைக்கு 60 டாலர் என்று ஒதுக்கி வைக்கலாம்.

இரவு நேரத்துக்கும் டாக்ஸிப் பணம் தனியாக இருக்க வேண்டும். இருட்டிய பிறகு வண்டிகள் குறையும், ஊரின் ஓரங்களில் ஓடுபவை சீக்கிரமே நின்றுவிடும். கடைசி பஸ்ஸை நம்பி, தெரியாத ரோட்டில் அம்மா அப்பாவோடு நிற்பதைவிட 50 டாலர் பெரிதில்லை.

வாடகைக் கார் ஏழு நாளும் தேவைப்படாது, ஒரே ஒரு நாள் போதும். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், மாப்பிள்ளைக்குச் சிரமம் இருக்காது. வடக்கு முனையில் அனிமல் ஃபிளவர் கேவ், வழியில் மார்கன் லூயிஸ் காற்றாலை, செயின்ட் நிக்கலஸ் அபே என்ற பழைய தோட்ட மாளிகை எல்லாம் பஸ்ஸில் போனால் நாள் பூரா காத்திருக்க வேண்டிய இடங்கள். அவற்றை ஒரே நாளில் கட்டிவிட்டு, காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்ளூர் ஓட்டுநர் அனுமதி தேவையா என்பதை கார் எடுக்கும் கம்பெனியிடமே முன்கூட்டி கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் மார்க்கெட்

இப்போது சாப்பாடு. முதலில் ஒரு நல்ல செய்தி: குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தீவே பவளச் சுண்ணாம்புப் பாறை, மழைத் தண்ணீர் அதில் வடிந்துதான் நிலத்தடிக்குப் போகிறது. நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கையில் இருந்தால், தண்ணீர் வாங்கும் செலவு மிச்சம்.

அடுத்தது, சைவம். கரீபியனில் சைவத்துக்கு எங்கே போவது என்று அம்மா ரெண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். அவரை ஒரு சனிக்கிழமை காலையில் பிரிட்ஜ்டவுன் சீப்சைடு மார்க்கெட்டுக்கு அழைத்துப் போங்கள். வெண்டைக்காய், பூசணி, வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, சேப்பங்கிழங்கு வகை, வாழைக்காய், தேங்காய். ‘கிறிஸ்டோஃபீன்’ என்று ஏதோ பிரெஞ்சுப் பெயர் சொல்வார்கள். பார்த்தால் நம் சௌ சௌ. ‘பிஜன் பீஸ்’ என்பது பச்சைத் துவரை. “அட, இது நம்ம ஊர்க் காய்டி!” என்று அம்மா பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அங்கே கப்பலில் வராத பொருளைச் சமைத்தால் செலவு குறைவு. சீஸையும் ஆப்பிளையும் தேடினால் கை சுடும். அரிசியும் எண்ணெயும் மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு, காயை மார்க்கெட்டில் எடுத்தால் காலைக்கும் பாதி இரவுகளுக்கும் வீட்டுச் சாப்பாடு தயார். சாம்பார்ப் பொடியைப் பிரிக்காத பாக்கெட்டாக லண்டனிலிருந்தே கொண்டு போகலாம். பழம், காய், விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், உணவுப் பொருள் இருந்தால் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ரைஸ் அண்ட் பீஸ்’ என்றால் துவரம் பயறு போட்ட சாதம், சைவம் என்று நினைத்து வாங்கிவிடுவோம். வாசனைக்காக அதில் உப்பிட்ட இறைச்சியைப் போடும் வழக்கம் அங்கே உண்டு. ‘இறைச்சி சேர்த்ததா?’ என்று ஒவ்வொரு கடையிலும் கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும்.

மதியம்: வேலைக்குப் போகிறவர்களின் பின்னால்

மதியம் பன்னிரண்டு மணிக்கு பிரிட்ஜ்டவுனில் எந்தக் கடை முன்னால் வரிசை நிற்கிறதோ, அதில் போய் நிற்க வேண்டும். சின்ன கேன்டீன்கள், ரோட்டோரம் நிற்கும் லஞ்ச் வேன்கள். ஒரு பெட்டிச் சாப்பாட்டில் சாதம் அல்லது மாக்கரோனி பை, கொஞ்சம் காய், மீன் அல்லது கோழி. மாக்கரோனி பை என்பது சீஸ் போட்டு அடுப்பில் சுட்டு, துண்டு போட்டுக் கொடுக்கும் மாக்கரோனி; அம்மா அதோடு வாழைப்பழப் பொரியலும் வள்ளிக்கிழங்கும் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு 25 டாலர் ஒதுக்கினால் வயிறு நிறையும். இதே மீனை கடற்கரை ரெஸ்டாரன்ட்டில் மேசை விரிப்போடு சாப்பிட்டால் இரண்டு மூன்று மடங்கு.

அதையும்விட மலிவாக வேண்டுமென்றால் ‘கட்டர்’. ‘சால்ட் பிரெட்’ என்ற உருண்டை பன்னைக் கீறி உள்ளே மீனோ சீஸோ வைத்துக் கொடுப்பது. இரண்டு மீன் வடைகளை வைத்தால் அதற்கு ‘பிரெட் அண்ட் டூ’ என்று பெயர். மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய் சாஸ் ஊற்றுவார்கள், கடுகு சேர்த்தது. நம் நாக்குக்கே உறைக்கும். முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொட்டியும் எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து மடித்த சைவ ரொட்டி அம்மாவுக்குப் பாதுகாப்பான சாப்பாடு. இந்த ரொட்டி வந்த கதை நெருங்கிய சொந்தக் கதை. 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் பக்கத்துத் தீவான டிரினிடாடுக்குக் கப்பலேறியவர்களின் அடுப்பிலிருந்து, அது கரீபியன் முழுக்கப் பரவியது. உள்ளூர் துரித உணவுச் சங்கிலியான செஃபெட் கடைகளில்கூட கோழிக் கறிக்குப் பக்கத்தில் ரொட்டி இருக்கும். மெக்டொனால்ட்ஸ் 1996-ல் இங்கே கடை போட்டுப் பார்த்து, ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் மூட்டை கட்டியது தனிக் கதை.

மக்காச்சோளக் களி, பறக்கும் மீன்

தேசிய உணவின் பெயர் ‘கூகூ அண்ட் ஃபிளையிங் ஃபிஷ்’. கூகூ என்பது மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிண்டிய களி. கிண்டுவதற்கென்றே தட்டையான ஒரு மரத் துடுப்பு வைத்திருக்கிறார்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த அப்பாவுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பறக்கும் மீனுக்கு டிசம்பர் முதல் ஜூன் வரை சீசன். மற்ற மாதங்களில் வேறு மீன் வரலாம். மெனுவில் ‘டால்ஃபின்’ என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அது மாஹி மாஹி என்ற மீன்.

நவம்பரில் போனால் ‘கான்கி’ கிடைக்கும். மக்காச்சோள மாவு, தேங்காய், பூசணி, வள்ளிக்கிழங்கு, திராட்சை கலந்து வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. நவம்பர் 30 அவர்களின் சுதந்திர தினம். 1966-ல் அன்றுதான் விடுதலை, 2021-ல் அதே தேதியில் குடியரசு. அந்த மாதம் முழுக்க கான்கி வாசனைதான்.

வெள்ளிக்கிழமை இரவுக்கு ஓய்ஸ்டின்ஸ். தென் கரையில் இருக்கும் மீனவர் ஊர். மீன் சந்தைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கடைகள், கரி அடுப்பு, பாட்டு, ஆட்டம். உள்ளூர்க்காரர்களும் குடும்பத்தோடு வருவார்கள். ஒரு தட்டுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். தட்டு பெரிது, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளவும் முடியும். சுட்டுக் கொடுத்த மீனுக்கு அங்கே கொடுக்கிற பணம், அடுப்படியில் நிற்கிறவரின் கைக்கே போகிறது.

கடைசியாக, ஒரே ஒரு இரவு மட்டும் நல்ல ரெஸ்டாரன்ட். கடலைப் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கு 120 டாலர் என்று முன்பே எடுத்து வைத்த பணத்தில். மற்ற நாட்களில் மிச்சம் பிடித்ததே இதற்காகத்தான். அன்றைக்கு மெனு கார்டை அப்பா கையில் கொடுக்காமல், “மாமா, மீன் சொல்லட்டுமா, இறால் சொல்லட்டுமா?” என்று மாப்பிள்ளையே கேட்டுவிடுவது உத்தமம்.

மொத்தக் கணக்கு

நான்கு பேர், ஏழு இரவு, நடுவே முழுதாக ஆறு நாள்.

போக்குவரத்து: விமான நிலைய டாக்ஸி இரண்டு தடவை, 120 டாலர். மூன்று நாட்கள் பக்கத்தில் பஸ் பயணம், நான்கு பேருக்கும் போக வர ஒரு நாளைக்கு 28, மூன்று நாளுக்கு 84. இரண்டு நாட்கள் தூரப் பயணம். ஒரு நாள் மேற்குக் கரையோரம் ஸ்பைட்ஸ்டவுன், ஒரு நாள் கிழக்கே அலை பாறையில் மோதும் பாத்ஷீபா. பிரிட்ஜ்டவுனில் வண்டி மாற வேண்டும் என்பதால் நாளைக்கு 56, இரண்டு நாளுக்கு 112. பாத்ஷீபாவுக்கு டாக்ஸி வைத்துக் காத்திருக்கச் சொன்னால் அந்த ஒரு நாளே இருநூறைத் தாண்டும். ஒரு நாள் கார், பெட்ரோலோடு 240. இரவு டாக்ஸி இரண்டு தடவை, 100. ஆக 656 டாலர்.

சாப்பாடு: காலை உணவு வீட்டில், ஏழு நாளுக்கு 280. மதியம் ஆறு நாள், நாளைக்கு 100 வீதம் 600. இரவு வீட்டுச் சமையல் நான்கு நாள், 240. ஓய்ஸ்டின்ஸ் 200, ரொட்டி ஒரு இரவு 80, அந்தப் பெரிய விருந்து 480. இளநீர், மரப்பட்டையில் காய்ச்சும் கசப்பும் இனிப்புமான ‘மாபி’ பானம், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து 180. ஆக 2,060 டாலர்.

இரண்டும் சேர்ந்து 2,716. கைகாவலாகப் பத்து சதவிகிதம் சேர்த்தால் ஏறக்குறைய 3,000 டாலர். நம் பணத்தில் 1,35,000 ரூபாய். ஆளுக்கு, நாளைக்கு 4,800 ரூபாய் போல வரும்.

சின்னத் தொகை இல்லைதான். மூன்று வேளையும் ஓட்டலிலும் கடற்கரை ரெஸ்டாரன்ட்டிலும் சாப்பிட்டால், ஆளுக்கு நாளைக்கு 200 டாலர் என்று வைத்தாலே ஏழு நாளுக்கு 5,600 டாலர் ஆகிவிடும். அதாவது 2,52,000 ரூபாய், சாப்பாட்டுக்கு மட்டும். சீசனுக்கும் கடைக்கும் தகுந்தபடி எண்கள் முன்னே பின்னே நகரும், கணக்கின் வடிவம் மாறாது. மூவாயிரத்தையும் நாள் வாரியாகக் கவரில் பிரித்து, பெயர் எழுதி, முதல் நாளே அப்பாவிடம் காட்டிவிடுங்கள். செலவாகப் போகிற பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று தெரிந்தால், பெருக்கல் நின்றுவிடும்.

இன்னொரு கவரும் வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டமும் விலையும் உச்சம். ஜூன் முதல் நவம்பர் வரை விலை இறங்கும், ஆனால் அது புயல் காலம். 2024-ல் கோப்பையை வென்ற இந்திய அணியே பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு, சில நாட்கள் தீவில் மாட்டிக்கொண்டது. ஜூலை 4-ம் தேதிதான் டெல்லி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தனி விமானம் வந்தது, நமக்கு வராது. அந்த மாதங்களில் போனால் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் அறைக்கும் கூடுதல் பணமும், பயண இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

ஓவலுக்கு நடந்தே போகலாம்

அப்பாவின் ஓவல் எந்தக் கவரிலும் இல்லையே என்று கேட்கலாம். தேவைப்படவில்லை. சீப்சைடு மார்க்கெட்டிலிருந்து கென்சிங்டன் ஓவலுக்கு நடந்தே போய்விடலாம். சனிக்கிழமை மார்க்கெட் முடித்து, காய்ப் பையை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டால் ஆயிற்று. உள்ளே பார்க்க அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டாலும் வாசலில் கேரி சோபர்ஸ் சிலையாக நின்று பந்தை விளாசிக்கொண்டிருப்பார். அப்பா அந்தச் சிலைக்குக் கீழே எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறாரோ, அவ்வளவு நேரம் நிற்கட்டும். பஸ் அப்புறமும் வரும், கட்டணம் அதே மூன்றரை டாலர்தான்.

கிளம்பும் நாளன்று பர்ஸைத் தட்டிப் பாருங்கள். பார்படாஸ் டாலரை வெளியூரில் மாற்றுவது கஷ்டம், லண்டனில் அந்தக் காசு வெறும் பொம்மை. மிச்சமிருப்பதற்கு மார்க்கெட்டில் புளி உருண்டை வாங்கிக்கொள்ளலாம்; புளியும் சர்க்கரையும் பிசைந்து உருட்டியது, மதுரைக்குப் போகும்வரை கெடாது. பறக்கும் மீன் போட்ட ஏழு பக்கக் காசு ஒன்றை மட்டும் அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதை யாரும் கணக்கில் எழுத வேண்டாம்.